ஐஸ் டீ ஏன் கலங்குகிறது? தூளா, தண்ணீரா?

ஏப்ரல் 6, இரவு

வீட்டில் ஐஸ் டீ போடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். நேற்று பால் இல்லாமல் டீ போட்டு, பாட்டிலில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. வாயில் வைத்தால் பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கை இழுக்கிறது. வழக்கமாக வாங்கும் டஸ்ட் டீதான், போன வாரம் பிரித்த பாக்கெட். தூளில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

நைனாவுக்காகக் கேட்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்துப் பழகிய உடம்பு. சுகர் வந்ததிலிருந்து சர்க்கரை இல்லாமல் குடிக்கிறார். தண்டையார்பேட்டையில் மாடி வீடு, மேற்கு வெயில் முழுக்க எங்கள் கூடத்தில்தான் விழும். சூடாக டீ குடித்துவிட்டு பனியன் நனைய உட்கார்ந்திருக்கிறார். ஜூஸ் கூடாது, சர்பத் கூடாது. மோர் கொடுத்தால் குடிப்பார், ஆனால் நாலு மணி ஆனால் டீதான் வேண்டும். சர்க்கரையே போடாமல் நன்றாக இருக்கும் ஐஸ் டீ வேண்டும். கடைகளில் விற்கும் ஐஸ் டீ பொடியைச் சொல்லாதீர்கள், பாக்கெட்டின் பின்னால் முதலில் எழுதியிருப்பதே சர்க்கரை.

ஏப்ரல் 7

டஸ்ட் டீ நமக்குப் பாலுக்காகச் செய்தது. இந்தத் தூள் செய்யும் சி.டி.சி. என்பது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் முறை; 1930களில் அசாமில் தொடங்கியது. குருணை சின்னதாக இருப்பதால் சாரம் சீக்கிரம் இறங்கும், நிறம் அடர்த்தியாக வரும். அந்தத் துவர்ப்பைப் பால் வாங்கிக்கொள்ளும். பாலை எடுத்துவிட்டால் துவர்ப்பு நேராக நாக்கில் வந்து உட்காருகிறது. கலங்குவதும் அதனால்தான் என்று இப்போதைக்கு என் கணிப்பு.

முழு இலைத் தேயிலை வாங்கிப் பார்க்கப் போகிறேன். நீலகிரித் தேயிலை ஐஸ் டீக்குப் பேர் போனது, ஆறினாலும் அவ்வளவாகக் கலங்காது என்பார்கள். அரசுத் தோட்டத் தேயிலையான டான்டீ கூட யோசனையில் இருக்கிறது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய தோட்டங்கள் அவை. 1976ல் அரசு நிறுவனம் ஆனது. நல்ல தூள், ஆனால் பக்கத்துக் கடையில் இப்போது இருப்பில் இல்லை.

ஏப்ரல் 9

மின்ட் பக்கம் தேயிலையை எடை போட்டு விற்கும் கடையில் கோத்தகிரி இலைத்தேயிலை 100 கிராம் வாங்கினேன். சுருண்ட கறுப்பு இலை, முகர்ந்தால் லேசாகப் பூ வாசனை. இதுவும் கலங்கியது. டஸ்ட் அளவுக்கு இல்லை, ஆனால் கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் மங்கலாகத்தான் தெரிகிறது.

அப்படியானால் 7ஆம் தேதி எழுதியது பாதிதான் சரி. தூள் மட்டும் காரணம் இல்லை.

ஏப்ரல் 10

மாதவரத்துக்காரர் ஒருவர் "என்ன தண்ணீரில் போட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. போர் தண்ணீர்தான். காய்ச்சினால் போதும் என்று அதிலேயே போட்டேன்.

கீழ் வீட்டுத் தம்பி ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்பவர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறார். மூன்று தண்ணீரை வைத்து அளந்தோம். எங்கள் போர் லிட்டருக்கு 1,340 மில்லிகிராம். தெருக்குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர் 380. கேன் தண்ணீர் 45. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் 500 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம். எங்கள் போர் அந்த 'வேறு வழி இல்லை' ரகம்.

மூன்றிலும் ஒரே அளவு தேயிலை, ஒரே நேரம், மூன்று கண்ணாடி கிளாஸ். போர் தண்ணீர் டீ சூடாக இருக்கும்போதே கறுத்து, மேலே ஆடை படிந்தது. மெட்ரோ டீ நல்ல செம்பழுப்பு, ஆடை லேசாக. கேன் டீ கண்ணாடி மாதிரி, பித்தளைக் குத்துவிளக்கு நிறம். ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தபின் போர் டீ முழுக்கக் கலங்கிவிட்டது, மெட்ரோ டீ கொஞ்சம் மங்கியது, கேன் டீயில் மட்டும் மறுபக்கம் இருந்த காலண்டரின் தேதி தெரிந்தது.

இத்தனை வருஷம் தூளை மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை கூடத் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை.

ஏப்ரல் 10, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, காரணத்தைப் படித்தேன். தேயிலையில் இருக்கும் காஃபீனும் அதற்கு நிறம் கொடுக்கும் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் ஆகிய பொருட்களும் சூட்டில் தனித்தனியாகக் கரைந்திருக்கும். ஆறும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கரையாத நுண்துகளாகத் திரளும். அதுதான் கலங்கல். தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது இந்தத் திரட்சிக்கு இன்னும் துணை போகும். மேலே படியும் ஆடைக்கும் கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும்தான் காரணம்.

எனவே கலங்கல் அழுக்கு இல்லை, குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாசனையும் சுவையும் மட்டுப்பட்டுவிடுகின்றன.

ஏப்ரல் 11

சுலபமான ஒரு சோதனை. கலங்கிய டீயில் கொஞ்சம் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். தெளிந்தால் அது நான் மேலே சொன்ன திரட்சி. தெளியாவிட்டால் தூள் வண்டல், துணி வடிகட்டியில் மறுபடி வடிகட்ட வேண்டும். எங்கள் போர் டீ தெளிந்தது.

வியாசர்பாடியிலிருந்து எழுதியவருக்கு: உங்கள் வீட்டு டீ பேனா மை மாதிரி கறுப்பது போர் தண்ணீரில் இரும்பு இருப்பதால் இருக்கலாம். தேயிலையின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அந்தக் காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள், கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து. குடத்தின் அடியில் துரு நிறத்தில் படிகிறதா என்று பாருங்கள்.

ஏப்ரல் 13

ஆறவைக்கும் விதமும் முக்கியம். கொதிக்கக் கொதிக்க ஃபிரிட்ஜில் திணித்த பாட்டில் அதிகம் கலங்கியது. மேடையில் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஃபிரிட்ஜில் வைத்தது தெளிவாக இருந்தது. ஆனால் நம்மூர்ச் சித்திரையில் பாலில்லா டீயைக் கூட நாள் முழுக்க மேடையில் விடக்கூடாது. ஒரு மணி நேரம், போனால் ஒன்றரை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை. நைனாவுக்கு முதல்முறையாகக் கேன் தண்ணீர் ஐஸ் டீ கொடுத்தேன், சர்க்கரை இல்லாமல். ஒரு வாய் குடித்தார். "இன்னாமா இது, பச்சடில போட்ட வேப்பம்பூ இதுக்குத் தேவல." தெளிவு வந்துவிட்டது, கசப்பு போகவில்லை.

சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாது. ஒரு ஸ்பூன் சர்க்கரை பாதிக் குற்றத்தை மூடிவிடும். சர்க்கரை போடாத டீயில் தண்ணீரின் கோளாறு, தூளின் கோளாறு, அரை நிமிடம் கூட ஊறியது, எல்லாம் அப்படியே வெளியே வரும்.

ஏப்ரல் 15

கசப்புக்குக் காரணம் நானேதான். பழக்கதோஷத்தில் தேயிலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன். பால் டீக்கு அது சரி. இதற்குத் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அப்புறம் தேயிலையைப் போட்டு, மூடி வைக்க வேண்டும். இலையென்றால் நாலு நிமிடம், டஸ்ட் என்றால் இரண்டரை. வடிகட்டும்போது துணியைப் பிழியக் கூடாது. டீக்கடை மாஸ்டர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து நமக்கும் கை தானாகப் போகும்.

ஏப்ரல் 17

இரவெல்லாம் காத்திருக்காமல், கொடுக்கும் நேரத்தில் செய்ய வழி இருக்கிறது. கெட்டியாக டீ வடித்து, நேராக ஐஸ் மேல் ஊற்றுவது. சட்டென்று குளிர்வதால் வாசனை நன்றாக நிற்கிறது.

எவ்வளவு ஐஸ் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். கணக்கு இது: ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். 80 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் பூஜ்யத்துக்கு இறங்கும்போது விடுவதும் அதே 80 கலோரி. ஆகவே 200 மில்லி சூடான டீயும் 200 கிராம் ஐஸும் சேர்த்தால், ஐஸ் அத்தனையும் உருகி, 400 மில்லி சில்லென்ற டீ கிடைக்கும். இரண்டு மடங்கு கெட்டியாக வடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான். வழக்கமாக 200 மில்லிக்கு இரண்டரை கிராம் போட்டால், இதற்கு ஐந்து கிராம்.

எங்கள் ஐஸ் ட்ரேயில் 14 கட்டி, எடை போட்டால் 210 கிராம். ஒரு ட்ரே முழுக்க ஒரு கிளாஸுக்கா என்று அம்மா கேட்டார். ஆமாம். நாலு கட்டி போட்டால் வெதுவெதுப்பான, நீர்த்த டீதான் வரும்.

சூட்டைக் கண்ணாடி கிளாஸில் நேராக ஊற்றாதீர்கள். ஒரு கிளாஸ் அடியோடு விரிந்துவிட்டது. எவர்சில்வர் சொம்பில் ஐஸைப் போட்டு, அதில் ஊற்றிக் கலக்கி, அப்புறம் கிளாஸுக்கு மாற்றுகிறேன்.

ஏப்ரல் 18

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ஐஸ் கட்டியில் மீன் வாசனை.

வட சென்னையில் எந்த வீட்டு ஃபிரீசரில் மீன் இல்லை? ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம் துண்டுகளும் கால் கிலோ நெத்திலியும் இருந்தன. மூடாத ட்ரேயில் இருக்கும் ஐஸ் பக்கத்தில் இருப்பதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். ஐஸ் தண்ணீரில் தெரியாது, ரோஸ் மில்க்கில் தெரியாது, சர்க்கரை இல்லாத டீயில் பளிச்சென்று தெரிகிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஐஸ், மீன் தனியாக எவர்சில்வர் தூக்கில் இறுக்கி மூடி. இப்போது சரியாகிவிட்டது.

ஏப்ரல் 19

ஐஸ் பார் வாங்கி உடைத்துப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். காசிமேட்டில் படகுக்கும் மீன் கூடைக்கும் போகும் ஐஸ் குடிக்கும் தண்ணீரில் செய்ததென்று எந்த உறுதியும் கிடையாது. அதை இறக்கும் தரையையும் அரைக்கும் மெஷினையும் நேரில் பார்த்தவள் நான். மீனுக்கு அது போதும். வாய்க்கு வேண்டாம்.

ஐஸ் என்றதும் நினைவுக்கு வருவது திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குளங்களில் பனிக்காலத்தில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போர்த்தி, கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். ஃபிரெடரிக் டியூடர் என்பவரின் வியாபாரம். சென்னைக் கட்டடம் 1842ல் எழுந்தது. மெஷின் ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1897ல் விவேகானந்தர் தங்கிச் சென்ற கட்டடம் அதுதான். நாலு மாதக் கடல் பயணம் தாங்கிய ஐஸை நினைத்தால், கரண்ட் போனால் ஒரு மணி நேரத்தில் ஒழுகும் என் டப்பா மேல் கோபம் வருகிறது.

ஏப்ரல் 21

மொட்டை மாடியில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். பாட்டிலில் கேன் தண்ணீர், இலைத்தேயிலை, பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை. அடுப்பே வேண்டாம். நிறம் அருமை, கசப்பு குறைவு. நம்மூர் வெயிலுக்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை. எல்லோரும் செய்து பாருங்கள்.

ஏப்ரல் 23

மேலே 21ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். செய்யாதீர்கள். வெயிலில் பாட்டில் தண்ணீர் ஐம்பது டிகிரியைத் தாண்டுவதே கஷ்டம். கிருமி சாக அது போதாது, இலையோடு வரும் கிருமிகள் மணிக்கணக்கில் அந்தக் கதகதப்பில் பெருகலாம். நேற்று வைத்த பாட்டிலில் டீ லேசாகக் கொழகொழத்தது, அப்படியே சாக்கடையில் கொட்டினேன். வீட்டில் சுகர் இருக்கும் பெரியவருக்குக் கொடுக்கிற பொருளில் இந்த விளையாட்டு கூடாது. 21ஆம் தேதிக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு யாராவது செய்திருந்தால் மன்னிக்கவும்.

ஏப்ரல் 24

ஐஸ் டீ 1904ல் பிறந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் செய்ய வந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் சூடான டீயை யாரும் தொடாததால் ஐஸில் ஊற்றிக் கொடுத்தார் என்ற கதை அது. அந்தக் கண்காட்சியால் ஐஸ் டீ பரவலானது உண்மை. ஆனால் 1879லேயே வெளியான ஒரு வர்ஜீனியாச் சமையல் புத்தகத்தில் ஐஸ் டீக்குச் செய்முறை இருக்கிறது. பிறந்தது அதற்கும் முன்னால்.

ஏப்ரல் 26

அமெரிக்காவின் தென்பகுதிகளில் கசப்பு போக ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுவார்களாம். நம் ஆப்ப சோடாதான். போட்டேன். கசப்பு குறைந்தது, நிறம் கறுத்தது, கூடவே டீயின் துடிப்பும் போய் சப்பென்று ஆனது. இந்தக் கறுப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், எங்கள் போர் தண்ணீர் டீயேதான்! போர் தண்ணீரில் பைகார்பனேட் ஏற்கெனவே இருக்கிறது. சோடா உப்பைக் காசு கொடுத்து வாங்கி வேறு போட வேண்டியதில்லை.

எலுமிச்சை நேர் எதிர். ஐந்தாறு சொட்டு விட்டால் கறுப்பு கண்ணெதிரே வெளுக்கிறது. புளிப்பு சேர்ந்தால் டீயின் நிறப்பொருள் வெளிறும்.

ஏப்ரல் 30

இதுவரை முயன்றதில் சிறந்தது இதுதான், பொறுமையாக எழுதுகிறேன்.

குளிர்ந்த தண்ணீரிலேயே ஊறவைப்பது. இரவு ஒன்பது மணிக்கு, ஒரு லிட்டர் கேன் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, இலைத்தேயிலை 10 கிராம் போட்டு, மூடி, நேராக ஃபிரிட்ஜில். மேடையில் இல்லை, நம்மூரில் இரவிலும் முப்பது டிகிரி. காலை ஐந்து, ஆறு மணிக்கு மெல்லிய துணியில் வடிகட்டி, கழுவித் துடைத்த பாட்டிலில் மறுபடி ஃபிரிட்ஜ். அவ்வளவுதான்.

சில்லென்ற தண்ணீரில் துவர்ப்பும் காஃபீனும் குறைவாகத்தான் இறங்கும், வாசனையும் இயல்பான இனிப்பும் இறங்கிவிடும். ஒன்றையொன்று பிடித்துத் திரளும் அளவுக்குச் சரக்கே இல்லாததால் கலங்கவும் இல்லை. வடிகட்டிய பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், கொத்தவால்சாவடி நல்லெண்ணெய் நிறம். தனியாகச் சமையலறையில் நின்று ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்தேன். சர்க்கரையே தேவைப்படவில்லை. கடைசியில் தொண்டையில் ஒரு பூ வாசனை நின்றது, அதே கோத்தகிரி இலையை இரண்டு தடவை கொதிக்கவைத்துக் கொன்றிருக்கிறேன் என்று வருத்தமாக இருந்தது.

மே 2

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். டஸ்ட் டீயிலும் செய்து பார்த்தேன், கேட்டவர்கள் அதிகம், எல்லோரும் இலைத்தேயிலை வாங்க முடியாது. எட்டு மணி நேரம் வேண்டாம். லிட்டருக்கு 8 கிராம், மூன்று, நாலு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் துவர்ப்பு வந்துவிடுகிறது. வண்டல் வரும்; துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை ஊட்டி டீயிலும் நன்றாகவே வந்தது, சொல்லப்போனால் என் பாக்கெட் டஸ்டைவிட நன்றாக.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. கடல் காற்று இன்று இரண்டு மணி வரை வரவில்லை. கீழே தார் ரோடு மினுங்குகிறது.

நாலு மணிக்கு நைனாவுக்கு ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளரில். கண்ணாடி கிளாஸில் கொடுத்தால் 'ஜூஸா, வேணாம்' என்று கையை ஆட்டிவிடுவார் என்று அம்மாதான் யோசனை சொன்னார். வெளியே வியர்த்திருந்த டம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் குடித்தார். பாதி டம்ளர் போனபின் நிறுத்தி, "டீ வாசனை இருக்கு" என்றார்.

ஒரு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதற்காக சூடான டீயை விட்டுவிடுவார் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலை இரண்டும் சூடுதான். மதியத்துக்கு மேல் இது.

மே 7

எலுமிச்சை பற்றிக் கேட்டவர்களுக்கு: டீ முழுக்கக் குளிர்ந்தபின், குடிக்கும் டம்ளரில் மட்டும் பிழியுங்கள். பாட்டிலில் மொத்தமாகப் பிழிந்து வைத்தால் மறுநாள் பழைய எலுமிச்சை வாடை. தோலை அழுத்திப் பிழிந்தாலும் கசக்கும். கத்திரியில் எலுமிச்சை விற்கும் விலைக்கு அரைப் பழம் நாலு பேருக்கு வர வேண்டும், அதற்கும் இதுதான் வழி. புதினா இரண்டு இலையை உள்ளங்கையில் தட்டிப் போடலாம். இஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை; சூட்டில் இதமாக இருக்கும் இஞ்சி குளிரில் வெறும் காரம்.

சர்க்கரை வேண்டும் என்பவர்கள் பாகாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர், கரையும் வரை சூடு செய்தால் போதும். சில்லென்ற டீயில் சர்க்கரை அடியில்தான் கிடக்கும். இனிப்பு குளிரில் குறைவாகத் தெரியும், ஆகவே சூட்டில் ருசி பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யாதீர்கள்.

நன்னாரி சர்பத்தில் ஊற்றினால் எப்படி என்று தங்கை மகன் கேட்டான். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் நன்னாரி, ஒரு ஸ்பூன் ஊறிய சப்ஜா விதை, மேலே டீ. நன்னாரியும் டீயும் சண்டை போடும் என்று நினைத்தேன், இல்லை. அவன் மூன்று டம்ளர் குடித்தான். ராத்திரி பதினொன்று வரை தூங்கவில்லை. குளிரில் ஊறினாலும் டீ டீதான், பிள்ளைகளுக்கு மாலைக்கு மேல் வேண்டாம்.

மே 11

எதிர் வீட்டு அக்காவுக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். அவர் ஆயா ரங்கூனிலிருந்து வந்தவர். வட சென்னையில் அப்படி எத்தனையோ குடும்பங்கள். வடிகட்டிய இலையை நான் தொட்டியில் போடப் போனதைப் பார்த்து, "எங்க ஆயா இத விடமாட்டாங்க" என்றார். பர்மாவில் தேயிலையை ஊறுகாய் மாதிரி புளிக்கவைத்து, வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள் சேர்த்துச் சாப்பிடுவார்கள், லாபெட் என்று பெயர். ஆயா ஆசைப்பட்டு இங்கே கிடைத்த டீத்தூளில் செய்து பார்த்து, சரியாக வராமல் அழுதாராம். பச்சை இலையில் செய்வது அது, காய்ந்த தூளில் வராது. அக்கா அதைச் சொல்லிவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இலைகளை ரோஜாத் தொட்டியில் போட்டேன்.

மே 15

அம்மாவுக்கு ரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் இப்போது சாப்பாட்டோடு ஐஸ் டீ கேட்கத் தொடங்கியிருக்கிறார். கொடுப்பதில்லை. தேயிலையின் துவர்ப்புச் சத்து கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி. வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். இது சூடான டீக்கும் பொருந்தும்.

மே 19

நேற்று மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பாட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது. கொட்டிவிட்டேன். மனசு வரவில்லை, ஆனால் கொட்டிவிட்டேன். இனி ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும், ஒரு லிட்டர்.

மே 22

கேன் வாங்க வசதியில்லை, மெட்ரோ தண்ணீரில் செய்யலாமா என்று கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. எங்கள் பக்கத்துக்குப் புழல் ஏரித் தண்ணீர் வருகிறது. காலையில் பிடித்த தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, திறந்தபடி ஆறவிடுங்கள். குளோரின் வாடை போய்விடும், சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி அடியில் வெள்ளையாகப் படியும். ஆட்டாமல் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். குளிரில் ஊறவைக்கும் முறைக்கு இது போதும். போர் தண்ணீரின் உப்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மே 27

நைனா இன்று டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டார். "முத வாய் நல்லாருக்கு, கடசி வாய் உப்பு கரிக்குது." எனக்குப் புரியவில்லை. அதே கேன், அதே இலை, அதே பாட்டில். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிக் குடித்துப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. தூளை முகர்ந்தேன், துணியை முகர்ந்தேன். டம்ளரைக் கழுவி மறுபடி ஊற்றி, ஐஸ் போட்டு, கால் மணி நேரம் வைத்துக் குடித்தேன். அப்போதுதான் கரித்தது.

ஐஸ்! தங்கை மகன் உதவி செய்வதாக நினைத்து நேற்று டப்பாவைக் கழுவி, மாடிக் குழாயில் பிடித்து நிரப்பியிருக்கிறான். போர் தண்ணீர். உருக உருக டம்ளருக்குள் 1,340 இறங்கியிருக்கிறது. ஏப்ரல் 17ல் பாதி டீ, பாதி ஐஸ் என்று கணக்குப் போட்டு எழுதினேனே, அந்த முறையில் குடிப்பதில் பாதி ஐஸ் தண்ணீர்தானே. டீக்குக் கேன் தண்ணீர் என்று பத்து இடத்தில் எழுதியவள், ஐஸுக்கு என்ன தண்ணீர் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்: ஐஸுக்கும் அதே தண்ணீர்.

டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன். கேன் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்திருக்கிறேன், நாளை நாலு மணிக்குள் உறைந்துவிடும்.